தோட்டத்து லயமும் ஊர்க் குடியிருப்பும்

சென்ற ஆண்டு மேலூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில், அரசின் வீட்டுத் திட்டத்தின்கீழ்த் தேர்வு பெற்ற ஒருவரின் மனையில் அடித்தளம் குறிப்பதைக் காண நாம் சென்றிருந்தோம். ஓவர்சியர் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் சுண்ணாம்புத் தூளால் கோடு இட்டுக்கொண்டிருந்தார். மனைக்குரியவரின் பாட்டி, எண்பது வயதைக் கடந்தவர், வேப்பமர நிழலில் அமர்ந்து யாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கோடு போட்டு முடிந்ததும் எழுந்து வந்து, "கொல்லைப்பக்கத்து வாசல் எங்கே ஐயா?" என்று வினவினார். வரைபடத்தில் பின்வாசல் இல்லை என்றார் ஓவர்சியர். "அப்படியானால் இதுவும் லயந்தான்" என்று கூறிவிட்டு அம்மூதாட்டி மீண்டும் நிழலுக்கே போய்விட்டார்.

அவர் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, இரண்டு குழந்தைகளோடு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து சேர்ந்தவர். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பிள்ளை பெற்றதும் ஒரே அறையில். அந்த அறைக்குப் பின்வாசல் கிடையாது, பின்சன்னலும் கிடையாது, ஏனெனில் அதன் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் பின்சுவராகவும் இருந்தது. ஒரு கிழவியின் பேச்சுத்தானே என்று அன்று நாம் நகைத்திருக்கலாம். ஆனால் வீடு கட்டும் பணியில் ஈடுபட்டுள்ள ஊராட்சியினர் யாவரும் சிந்திக்க வேண்டிய செய்தி அதில் அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது. ஆகவே, வேலை கொடுப்பவர் தம் வேலையாட்களுக்கென்று கட்டிக் கொடுத்த வீடுகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சற்றே விரிவாக ஆராய்வோம்.

லயம் என்பது யாது?

வரிசை என்று பொருள்படும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே மலையகத் தமிழரின் நாவில் லயம் ஆயிற்று. குதிரை கட்டும் லாயத்தை அது நினைவூட்டுவது தற்செயலே; எனினும் பொருத்தமற்றது என்று சொல்வதற்கில்லை. நீண்ட கட்டடம் ஒன்று. அதைக் குறுக்குச் சுவர்களால் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் இருபத்து நான்கு அறைகளாகப் பிரித்திருப்பர். ஒவ்வோர் அறைக்கும் காம்பிரா என்று பெயர். போர்த்துகீசியர் இலங்கையில் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. அறையின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. முன்னால் ஒடுங்கிய தாழ்வாரம். அதனை இஸ்தோப்பு என்பர். கூரை தகரம். ஒற்றை வரிசை லயங்களும் உண்டு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை லயங்களும் உண்டு. இரட்டை வரிசையில் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியே இல்லை.

இந்த 120 சதுர அடிக்குள் அடுப்பு உண்டு, விறகு உண்டு, உறக்கம் உண்டு, பிரசவமும் சாவும் உண்டு. மலைப் பிரதேசத்துக் குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டால் புகை அறைக்குள்ளேயே சுழலும். மகனுக்குத் திருமணம் ஆனால் என் செய்வது? குறுக்கே ஒரு சேலையைக் கட்டுவர். அல்லது இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து அடுப்படியாக்கிவிட்டு, உள்ளறையைப் புதுமணத் தம்பதியருக்கு விடுவர். இன்றும் பழைய லயம் எதனையேனும் கண்டால், அதன் முகப்பில் ஒட்டுப் போட்டது போன்ற இந்த அடைப்புகளே முதலில் கண்ணில் படும். எந்தப் பொறியாளரும் வரைந்து தராத மாற்றங்கள் அவை. குடியிருந்தோரின் தேவையே அவற்றை வரைந்தது. தண்ணீருக்குப் பொதுப் பீலி. மலைச்சரிவில் ஊறும் நீரைக் குழாய் வழியே கொட்டச் செய்யும் இடத்தில்தான் குளியலும் துவைத்தலும். கழிப்பிடமும் பொதுவே.

இவ்வாறு கட்டியதற்குக் கஞ்சத்தனம் ஒன்றே காரணம் என்று எண்ணுவது போதாது. இலங்கை மலைநாட்டில் முதலில் பயிரானது தேயிலை அன்று, காப்பி. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்கு மட்டுமே ஆள் வேண்டும். மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டிக் கடல் கடந்து அழைத்துச் செல்வர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்புவர். சில மாதத் தங்கலுக்குக் கொட்டகை போதுமென்று துரைமார் கருதினர். 1869-இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு சில ஆண்டுகளில் அப்பயிரே பாழாயிற்று. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிராக்கியிருந்தார். காப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை ஏறிற்று. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக நிலைத்துத் தங்க வேண்டியதாயிற்று. பயிர் மாறிற்று, வேலை மாறிற்று, தங்கும் காலம் சில மாதத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நீண்டது. கொட்டகையின் அமைப்பு மட்டும் மாறவில்லை. மண்சுவர் கற்சுவராயிற்று, புல் வேய்ந்த கூரை தகரமாயிற்று என்பதோடு சரி. தற்காலிகமாகக் கட்டுவது எத்துணைக் காலம் நிலைத்துவிடுகிறது என்பதை வெள்ள நிவாரணக் கொட்டகை போட்டுப் பழகிய நம்மவர் நன்கறிவர்.

துரைமாரின் சொந்த நாட்டில்

அதே காலத்தில் அத்துரைமாரின் தாய்நாடாகிய இங்கிலாந்தில் உழவுத் தொழிலாளியின் வீடு எவ்வாறு இருந்தது என்று பார்ப்பது பயனுடையது. அங்கும் எஸ்டேட் என்ற சொல் வழங்கியது. ஆனால் அதன் பொருள் தேயிலைத் தோட்டமன்று, பிரபு ஒருவரின் பரந்த நிலவுடைமை. நம் நாட்டு ஜமீனைப் போன்றது எனலாம். அந்நிலத்தில் உழைப்போருக்குப் பிரபுவே வீடு கட்டிக் கொடுப்பார். அவ்வூர்களுட் சில இன்றும் அழகு குலையாமல் நிற்கின்றன; அவற்றைக் காண வெளியூர் மக்கள் திரளாகச் செல்கின்றனர்.

டெர்பிஷயர் பகுதியில் ஈடன்சர் என்றோர் ஊர் உண்டு. டெவன்ஷயர் பிரபு தம் மாளிகையின் சன்னல் வழியே பழைய ஊர் தெரிவதை விரும்பாமல், அதன் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, 1838 முதல் 1842 வரை சற்று அப்பால் புதிய ஊரைக் கட்டுவித்தார். அவருடைய தோட்டக் கலைஞரான ஜோசப் பாக்ஸ்டன் அப்பணியை மேற்பார்த்தார். ஒரு வீட்டைப் போல மற்றொரு வீடு இராது. ஒன்று சுவிட்சர்லாந்து நாட்டு மலைவீடு போலத் தோன்றும். ஒன்று இத்தாலியப் பாணியில் அமைந்திருக்கும். மற்றொன்று பழைய ஆங்கிலக் கோட்டை போல விளங்கும். செங்குத்தான கூரை, ஓங்கிய புகைபோக்கி, முகப்பில் சிறு மண்டபம், பின்னால் காய்கறித் தோட்டம். விக்டோரியா அரசியார் காலத்துப் பண்ணை வீடுகளின் பொது இலக்கணம் ஏறத்தாழ இதுவே. செங்கல்லும் ஓடும் பல பண்ணைகளில் பிரபுவின் சொந்தச் சூளையிலிருந்தே வரும். பன்றி வளர்க்கத் தொழுவமும் உண்டு. ஆண்டுக்கு ஒரு பன்றி என்பது ஏழைக் குடும்பத்தின் குளிர்காலச் சேமிப்பு.

அழகுக்காக மட்டும் அவர்கள் கட்டவில்லை. 1842-இல் எட்வின் சாட்விக் என்பார் உழைப்பாளி மக்களின் சுகாதார நிலை பற்றி வெளியிட்ட அறிக்கை அந்நாட்டு மேல்மட்டத்தாரைத் திடுக்கிடச் செய்தது. ஒரே அறையில் தாயும் தந்தையும் வளர்ந்த பிள்ளைகளும் படுப்பதும், சாக்கடை வாசற்படியில் தேங்குவதும் நோய்க்கு வித்து என்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1851-இல் இலண்டன் ஹைட் பார்க்கில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர், ஹென்றி ராபர்ட்ஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு தொழிலாளருக்கான மாதிரி வீட்டைக் கட்டிக் காட்டினார். நான்கு குடும்பங்கள், கீழே இரண்டும் மேலே இரண்டுமாக, நடுவில் திறந்த படிக்கட்டோடு வாழும்படி அமைந்தது அது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏறத்தாழ 150 சதுர அடியில் கூடம்; பாத்திரம் கழுவத் தனி இடம்; தனிக் கழிப்பறை; படுக்கையறைகள் மூன்று. மூன்று எதற்கு? பெற்றோருக்கு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. பிள்ளைகளின் அறை 50 சதுர அடிதான். எனினும் அதற்கென்று ஒரு கதவு இருந்தது. சுவருக்குத் துளையுள்ள செங்கல்லைப் பயன்படுத்தினர். செலவும் குறைவு, ஈரமும் ஏறாது என்பது கணக்கு. அக்கட்டடம் பின்னர்ப் பிரிக்கப்பட்டுக் கென்னிங்டன் பூங்காவில் மீண்டும் எழுப்பப்பட்டு இன்றும் நிற்கிறது.

தொழிலாளி வீட்டின் கூடம் மட்டுமே ஒரு முழுக் காம்பிராவைவிடப் பெரிது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். முதுகொட்டிய வீடுகளை இனிக் கட்டலாகாது என்று இங்கிலாந்தில் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. நோய் தரும் வீடு எது என்பதைப் பிரித்தானியர் அறியாதவர் அல்லர் என்பதற்கு இச்சான்றுகள் போதும்.

ஆயினும் ஆங்கில உழவன் கொடுத்து வைத்தவன் என்று முடிவு கட்டிவிட வேண்டா. அவ்வீடுகளின் முகப்பைச் சற்று உற்று நோக்கினால் வேறொரு செய்தி தெரியும். பெட்ஃபோர்டு பிரபுவின் பண்ணை வீடுகளில் சுவர்மீது அவர் பெயரின் முதல் எழுத்தும் அதன்மேல் பிரபு முடியும் கட்டிய ஆண்டும் பொறித்திருக்கும். பல பண்ணைகளில் எல்லா வீட்டுக் கதவுகளுக்கும் ஒரே வண்ணம் பூசுவர். அவ்வண்ணத்தைக் கண்டே இது இன்ன பிரபுவின் ஊர் என்று அறியலாம். நம் பக்கத்தில் மாட்டுக்குச் சூடு போடுவது போல. கதவு குடியிருப்பவனுடையதன்று, வீடும் அவனுடையதன்று. பண்ணையில் வேலை போனால் வீடும் போயிற்று. முதுமையடைந்து வேலை செய்ய இயலாது போனாலும் அவ்வாறே. கணவன் இறந்தால் மனைவி பிள்ளைகளோடு வண்டியேற வேண்டியதுதான்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஊராட்சி நிதியைக் கையாண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்நாளில் ஏழைகளைப் பராமரிக்கும் செலவு அந்தந்த ஊர் வட்டத்தின் வரிப்பணத்தையே சார்ந்தது. ஆகவே தம் எல்லைக்குள் ஏழைகள் குடியேறாதிருப்பதே பிரபுக்களுக்கு இலாபம். என் செய்தனர்? தேவைக்குக் குறைவாகவே வீடு கட்டினர். இருந்தவற்றுள்ளும் சிலவற்றை இடித்தனர். வெளியே அழகிய பத்து இருபது வீடுகளோடு ஓர் ஊர். அங்கு உழைக்கும் மற்றையோர் சில மைல் தொலைவில் நெருக்கடி மிகுந்த வேறோர் ஊரில் தங்கி, நாள்தோறும் நடந்து வந்து திரும்புவர். முன்னதை மூடிய ஊர் என்றும் பின்னதைத் திறந்த ஊர் என்றும் அழைத்தனர். 1865-இல் அச்செலவைப் பல ஊர்கள் சேர்ந்த ஒன்றியத்தின் பொறுப்பாக மாற்றிய பின்னரே இவ்வழக்கத்திற்குக் காரணம் அற்றது. வேலைக்குக் கட்டுண்ட வீட்டில் வாழ்ந்த பண்ணைத் தொழிலாளிக்கு, எளிதில் வெளியேற்றப்படாத உரிமை இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிட்டிற்று.

ஆக, ஒரு வீட்டை அளக்க இரண்டு கோல்கள் வேண்டும் என்பது நம் கருத்து. ஒன்று சுவரையும் கூரையையும் சன்னலையும் அளப்பது. மற்றொன்று, நாளைக் காலை வேலை போய்விட்டால் நாளை இரவு எங்கே படுப்பது என்று கேட்பது. ஆங்கிலப் பண்ணை வீடு முதற்கோலுக்குத் தேறியது, இரண்டாவதில் தவறியது. லயமோ இரண்டிலும் தவறியது.

முகவரி இல்லாத வீதி

இலங்கையில் இரண்டாவது கோலின் குறை எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கூறினால் வியப்பாயிருக்கும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்வதென 1974-இல் முடிவாயிற்று. நம் பாட்டி அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். அங்கேயே தங்கியவர்களுள் எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை கிடைத்தது.

குடியுரிமை கிடைத்தும் வீதி கிடைக்கவில்லை. அந்நாட்டில் நம் ஊராட்சி போன்றது பிரதேச சபை. அதன் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தோட்ட நிர்வாகத்தின் நிலத்திற்குள் சபையின் பணத்தைச் செலவிட இயலாதிருந்தது. லயத்துக்குச் செல்லும் பாதை பொதுப்பாதை அன்று, நிர்வாகத்தின் பாதை. சபைக்கு வாக்களித்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த மக்கள், தம் வாசலில் ஒரு விளக்கோ வடிகாலோ கேட்டால், சட்டம் இடந்தராது என்ற விடையே பெற்றனர். 2018-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஊராட்சி மன்றத்தில் அமர்ந்தவர்கள் தம்மை அந்த உறுப்பினரின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம்.

2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகில் உள்ள மீரியாபெத்தை என்னும் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை சரியே, எங்கே போவது? சொந்த மனை இல்லாதவனுக்கு ஆபத்தை விட்டு விலகுவதும் பிறர் அனுமதிக்குட்பட்டதாகிவிடுகிறது.

இப்போது அங்கே நிலை மாறத் தொடங்கியுள்ளது. இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளும், 2017-இல் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் எனத் திட்டம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் 7 பேர்ச்சஸ் நிலம். அதில் 550 சதுர அடியில் தனி வீடு. பேர்ச்சஸ் என்பது அந்நாட்டு அளவு. ஓர் ஏக்கருக்கு 160. நம் கணக்கில் 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ நாலேகால் சென்டுக்குச் சற்று மேல். வீடு முடிந்தும் நிலத்துக்குரிய உறுதிப்பத்திரம் கைக்கு வரக் காத்திருந்தோர் பலர். வீட்டைக் கட்டுவதைவிடப் பத்திரத்தைக் கொடுப்பது எல்லா நாட்டிலும் கடினமாகவே இருக்கிறது போலும்.

நம் மாநிலத்தில்

கடலுக்கு அப்பால் பார்த்தது போதும். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டுநிலத்தில் தேயிலைத் தோட்டம் எழுந்தது. குத்தகை 2028-இல் முடிய வேண்டும். 2024-இல் வேலை நிறுத்தப்பட்டபோது, மூன்று நான்கு தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் கேட்ட முதற்கேள்வி கூலியைப் பற்றியதன்று; இறங்கி எங்கே போவது என்பதே. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று விதித்தது. நல்ல சட்டமே. ஆனால் அது தந்தது வேலைக்காலத்து வீடு.

சமவெளியில் நம் மாநிலம் வேறொரு வழியை மேற்கொண்டது. அதனைப் பெருமையோடு கூறலாம். தஞ்சை முதலிய இடங்களில் பண்ணையாட்கள் மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். கூலி உயர்வு கேட்டால் குடிசையைப் பிரித்து எறிவது எளிதாயிருந்தது. 1961-இல் குடியிருப்பு அனுபவதாரரை வெளியேற்றாமற் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1971-இல் அடுத்த சட்டம், குடிசை நின்ற அந்த மனையையே அவர்களுக்குச் சொந்தமாக்கிற்று. இங்கிலாந்து தன் பண்ணைத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு மட்டும் அளித்த ஆண்டுக்கு ஐந்து ஆண்டு முன்னரே, இங்கு உரிமையே அளிக்கப்பட்டுவிட்டது. ஈடன்சரின் புகைபோக்கியும் மண்டபமும் அக்குடிசைக்கு இல்லை என்பது மெய்தான். ஆனால் எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது சுவரைப் பற்றியதன்று.

மதுரைக்கு அருகில் ஹார்விபட்டி என்ற ஊரை அறியாதார் இலர். மில் தொழிலாளருக்காக எழுந்து மில் முதலாளியின் பெயரையே தாங்கிய ஊர் அது. திருமங்கலம் பக்கத்து மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரமோ முற்றிலும் வேறு வகையானது. 100 வீடுகள், பல சாதியாரும் கலந்து வாழும்படி ஒதுக்கீடு, வேலைக்கும் வீட்டுக்கும் தொடர்பே இல்லை. குடும்பத்துக்கு 5 சென்டு மனை. ஒரே மாதிரியாகக் கட்டிய வீடுகளைச் சில ஆண்டு கழித்துப் பார்த்தால், ஒருவர் திண்ணை கட்டியிருப்பார், ஒருவர் மாடி எடுத்திருப்பார், ஒருவர் மாட்டுக்கொட்டில் போட்டிருப்பார். அரசு கட்டடம் சீர்குலைந்தது என்று சிலர் வருந்துவர், நாம் வருந்துவதில்லை. கைவைக்க அஞ்சாத வீடே சொந்த வீடு.

நம் வட்டாரத்தில் லயம் இல்லை என்று எண்ணி அமைதி கொள்வதற்கும் இல்லை. செங்கற்சூளைகளில் பருவத்திற்கு வந்து தங்கும் குடும்பங்களின் குடில்களைச் சென்று பார்க்க வேண்டும். பச்சைக்கல்லை அடுக்கி, குனிந்து நுழையும் உயரத்தில், மேலே தகரம் போட்டது. அளவில் காம்பிராவையும் எட்டாதவை உண்டு. அக்குழந்தைகள் எந்த ஊராட்சியின் கணக்கில் வருகின்றனர்? தற்காலிகம் என்ற சொல்லைக் காப்பித் தோட்டத்துத் துரைமாரும் சொன்னார்கள் என்பதை மறத்தலாகாது.

மனை, பாதை, பின்வாசல்

இனி, நம் கையில் உள்ள வேலைக்கு வருவோம். பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 269 சதுர அடி. சமையலிடமும் இதில் அடங்கும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. இதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, எஞ்சியது பயனாளியின் விருப்பப்படி. மூன்று காம்பிரா சேர்ந்தது 360 என்று கணக்கிட்டுப் பார்த்தால் அளவின் அருமை புலப்படும். ஆனால் அந்த 360 அடியையும் ஒரே கூடமாக விட்டுவிட்டால் மூன்று காம்பிராவின் பயன் வாராது. ஒரு குறுக்குச் சுவர், அதற்கு ஒரு கதவு, இது மட்டும் கட்டும்போதே முடிந்துவிட வேண்டும். வயது வந்த பெண்பிள்ளை உள்ள வீட்டில் இது அலங்காரமன்று.

அடுப்படியில் எரிவாயு வந்துவிட்டதே, புகைபோக்கி எதற்கு என்று கேட்பவர் உண்டு. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பு இன்றும் எரிகிறது. கூரையோரத்தில் எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகள் வைக்கச் செலவு சில நூறு ரூபாய்தான்.

மனை தேர்வில்தான் நாம் மிகுதியும் தவறுகிறோம். பெரியாறு பாசனத்தால் செழித்த மேலூர்ப் பகுதியில் கண்மாய்களுக்குக் குறைவில்லை. வறண்ட ஆண்டில் கண்மாயின் உள்வாய் மேடு நல்ல வீட்டுமனை போலத் தோன்றும். அங்கே ஒரு வரிசை வீடு எழுந்துவிட்டால், மழை மிகுந்த ஆண்டில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வரும். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டாவும் கிடையாது. பட்டா இல்லையெனில் வீட்டுத் திட்டத்தில் இடமும் கிடையாது. ஏழைக்குக் கிடைத்தது அந்த இடந்தான் என்ற பேச்சு மீரியாபெத்தைக்கும் பொருந்தும்.

பட்டா யார் பெயரில் என்பதையும் கிராம சபையிலேயே பேசிவிடுவது நலம். குடும்பத் தலைவியின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருந்தால், கணவன் மறைந்தபின் அண்ணன் தம்பி வழக்கில் அவள் வாசலுக்கு வெளியே நிற்க நேராது. பட்டாவோடு பாதையையும் பார்க்க வேண்டும். தனியார் ஒருவர் நிலத்தைப் பிரித்து மனையாக விற்கும்போதோ, தானமாகக் கொடுக்கும்போதோ, நடுவில் விட்ட பாதை ஊராட்சியின் பெயருக்கு முறைப்படி ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஒப்படைக்காத பாதையில் விளக்குக் கம்பம் நடவும் குழாய் பதிக்கவும் தணிக்கையில் தடை எழும். பிறகு அம்மக்கள் வரி கட்டிக்கொண்டே இருட்டில் நடப்பர். இத்தகைய கோப்புகள் பல நம் மேசையில் வந்து கிடந்ததுண்டு. நல்ல மனத்தோடு இடம் கொடுத்த பெரியவர் காலமாகி, அவர் மக்கள் பாதையின் குறுக்கே வேலி போட்ட பிறகே அவை வந்தன.

பின்வாசலைப் பற்றி ஓவர்சியரிடம் மறுநாள் பேசினோம். பின்புறம் இரண்டரை அடி நடைபாதை விட்டால், அங்கே பாத்திரம் கழுவும் தண்ணீரை ஓர் உறிஞ்சுகுழிக்குத் திருப்பலாம். கழிப்பறைக்கு வீட்டைச் சுற்றிப் போக வேண்டாம். முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் அமைந்தால் காற்றும் ஓடும். வரைபடத்தில் பின்சுவரில் ஒரு சன்னல் இருந்தது. அச்சன்னலைக் கதவாக்க மேல் உத்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. கீழே சுவரை எழுப்பாமல் விட்டால் போதும். கூடுதல் செலவு ஒரு நிலையும் கதவும். பேரன் ஊரில் இடித்த பழைய வீட்டிலிருந்து ஒரு வேம்பு நிலையை வாங்கி வந்தார். தச்சர் கூலி மட்டும் ஆயிற்று. அதே தெருவில் அடுத்த நான்கு வீட்டாரும் அவ்வாறே கேட்டுக் கட்டிக்கொண்டனர்.

புதுமனை புகுந்த நாளில் நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். பால் பொங்கியது. பாட்டி முன்வாசலில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்; கூடத்தில் நிற்கவில்லை; உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டு நேரே பின்வாசல் வழியாக வெளியேறினார். நாம் போய்ப் பார்த்தபோது, கொல்லையில் குழி பறித்து ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிக்கொண்டிருந்தார்.